மீதி: ஒரு டப்பா களிம்பு

1991 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபது. வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. ஆடிக் காற்று நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. ஏரிப் பக்கமிருந்து புழுக்கம் மட்டும் வந்தது. அந்த நேரத்தில் கன்னியம்மா என்ற பெண் என்னிடம் ஒரு டப்பா களிம்பு கேட்டாள். நான் கொடுக்கவில்லை. என் பையில் ஒரு டப்பா மீதி இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் போன மாதம் வந்த ஒரு தொலைபேசி. ஒரகடத்தில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சிரங்கு பரவியிருக்கிறது. அங்கே போன இளம் சுகாதார ஆய்வாளர் குன்றத்தூரில் இருக்கும் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"சார், நாங்க வெயிட் பாத்து மாத்திரை குடுத்துட்டு வந்துடுறோம். நீங்கல்லாம் புள்ளி எண்ணுவீங்களாமே?"

எண்ணினோம் என்றேன். இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்ததையும் சொன்னேன். அவர் உடனே என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். ஏதோ ஒரு ஆப்பிரிக்க நாட்டில் குழந்தைகளின் பாதத்தில் மணல் தெள்ளு புகுந்துகொள்கிறதாம். இடது காலில் ஒரு மருந்து, வலது காலில் இன்னொரு மருந்து. ஒரே குழந்தை, இரண்டு கால், யாரும் விட்டுப்போவதில்லை. சிரங்கில் அப்படிச் செய்ய முடியாது. அந்தப் பூச்சி விரலிடுக்கில் தொடங்கி உடம்பெல்லாம் போகும், பிறகு பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் போகும். நாங்கள் குழந்தைகளைத்தான் இரண்டாகப் பிரித்தோம். ஆறு நாள் அந்தப் படத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஏழாம் நாள் எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பு, பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. பி.யு.சி., ஓராண்டு சுகாதார ஆய்வாளர் பயிற்சி, பிறகு முப்பத்தைந்து வருட வேலை. கிணற்றில் குளோரின் போட ஆழத்தை அளப்பது, அம்மைத் தழும்பு எண்ணுவது, கொசுப்புழு எண்ணுவது. எண்ணுவது எனக்குப் பிறவியிலேயே இருந்த நோய். அரசாங்கம் அதற்குச் சம்பளம் கொடுத்தது. இப்போதும் மாடிப்படி ஏறினால் எண்ணாமல் ஏற முடியாது. பதினேழு.

1991-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே டாக்டராக இருந்தவர் எஸ்தர் அம்மா. நாற்பது வயதிருக்கும். குழந்தையைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஐந்து வயதுக் குழந்தையையும் "கையைக் காட்டுங்க" என்றுதான் சொல்வார். பென்சிலால் மட்டும் எழுதுவார். பேனா மையை வேறு வேலைக்கு வைத்திருந்தார்.

அந்த வேலை இது. சிரங்குப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டிப் போகும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாது. டாக்டர் விரலிடுக்கில் ஒரு சொட்டு நீல மையை வைப்பார். இருபது எண்ணுவோம். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். மேல்தோலில் இருந்த மை போய்விடும். வளைக்குள் இறங்கிய மை மட்டும் முடி போன்ற ஒரு நீலக்கோடாக நிற்கும். அந்தக் கோடுகளைத்தான் எண்ண வேண்டும். வலது கை, இடது கை, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு என்று வரிசை உண்டு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பத்து நாளில் அவர் என்னையே மை வைக்கச் சொல்லிவிட்டார். "உங்களுக்கு என்னைவிடப் பொறுமை இருக்கு, இன்ஸ்பெக்டர்" என்றார். என் வேலைக்காலத்தில் கிடைத்த பாராட்டுகள் மூன்று. அதில் அது ஒன்று.

பென்னலூருக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டி நாற்பத்து மூன்று வீடுகள் கொண்ட குடியிருப்பு. ஆண்கள் கல்லுடைக்கும் கிரஷருக்கும் பெண்கள் செங்கல் சூளைக்கும் போவார்கள். அங்கே இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில் அறுபத்து நான்கு பேருக்குச் சிரங்கு. கிடங்கில் இருந்தவை இரண்டு மருந்துகள். ஒன்று பென்சைல் பென்சோயேட். பூசினால் எரியும், குழந்தைகள் அலறும். மற்றது காமா என்று நாங்கள் சுருக்கிச் சொன்னது; எரியாது, மணமும் குறைவு. எந்த மருந்தில் எத்தனை குழந்தைக்குக் குணமாகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டால் வட்டாரம் முழுவதற்கும் அதையே கேட்கலாம் என்பது டாக்டரின் எண்ணம். எவர்சில்வர் டம்ளரில் அறுபத்து நான்கு சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். சிவப்பு மூடி எரிகிற மருந்து, நீல மூடி எரியாதது. வகைக்கு முப்பத்திரண்டு.

நூறு மில்லி பாட்டில். குளிக்க வைத்துத் துடைத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே ஒரு தடவை பூச வேண்டும். எட்டாம் நாள் இன்னொரு தடவை. நடுவில் ஒருநாள் போய் மரஸ்கேல் வைத்துப் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று நான் அளக்க வேண்டும். கொட்டினாலோ உடைந்தாலோ கொடுப்பதற்கு நான்கு உபரிப் பாட்டில்கள் என்னிடமே இருந்தன. அதற்குப் பதிவேட்டில் தனிக் கட்டம் உண்டு, என் கையெழுத்துப் போதும்.

இரண்டு வயதுக்குக் கீழே இந்த இரண்டு மருந்தும் கிடையாது. அவர்களுக்குக் கந்தகக் களிம்பு, தகர டப்பாவில். அதை டாக்டர் குழந்தையை நேரில் பார்த்து, சீட்டு எழுதிய பிறகுதான் கொடுக்கலாம். அந்தத் திங்கட்கிழமை ஆறு கைக்குழந்தைகளுக்குச் சீட்டு இருந்தது. ஆறு டப்பா எடுத்துப் போனேன். ஐந்து கொடுத்தேன். ஆறாவது குழந்தையின் தாய் பிள்ளையோடு ஊருக்குப் போயிருந்தாள்.

நான் போனதுமே கேலி தொடங்கிவிடும். அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கையில் பையோடு நடந்தாலே போலீஸ் நிறுத்தும். டாக்டர் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். பெண்களுக்கு அது ஒரு வேடிக்கை.

"புள்ளி சாரு வந்துட்டாருடி. இன்னிக்குப் போலீசுகாரன் எத்தினி வாட்டி நிறுத்துனான் சார்?"

"ரெண்டு வாட்டிம்மா."

"பாத்தியா, அதையும் எண்ணி வச்சுக்கினு கீறாரு."

நாற்பத்தொன்றாம் எண் ரேவதி, ஆறு வயது. நீல மூடி. அவள் தாய்தான் கன்னியம்மா. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். பாட்டிலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, தூளியிலிருந்து ஒரு கைக்குழந்தையை எடுத்து வந்தாள். நான்கு மாதம். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் கொப்புளம்.

"சார், சின்னவனுக்கும் கீது சார். ராவெல்லாம் தூங்க மாட்டேங்கிறான்."

"சீட்டு இருக்காம்மா?"

"இன்னா சீட்டு?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வா. டாக்டரம்மா பாத்து எழுதிக் குடுப்பாங்க. உடனே களிம்பு குடுத்துடறேன்."

"சூளைக்கு ஒரு நாள் போவலன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவான் சார். நீங்கதான் பாக்குறீங்களே. டாக்டரம்மா வந்தா மட்டும் வேற மாதிரியா தெரியப் போவுது?"

"லிஸ்ட்ல இல்லாத குழந்தைக்கு நான் குடுக்க முடியாதும்மா."

"லிஸ்ட்ல இல்லன்னாலும் அரிக்குதே சார்."

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற குரலில், பூசும் முறையை மறுபடி சொன்னேன். "நல்லா குளிக்க வச்சுத் தொடச்சிட்டு, ஒரு இடம் விடாமப் பூசணும்." சுகாதார நிலையத்துக்குத் திரும்பி, மீதி டப்பா ஒன்று என்று எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வியாழக்கிழமை அளக்கப் போயிருக்க வேண்டும். அன்று ஆகஸ்ட் 15. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை போனேன். அந்த ஒரு நாளை நான் இன்னும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எனக்கு எரிச்சல். சிவப்பு மூடிப் பாட்டில்கள் எல்லாம் கழுத்து வரை நிறைந்திருந்தன. குழந்தை அலறுகிறது என்று தாய்மார்கள் விரலால் தொட்டு வைத்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். இப்படியிருந்தால் என்ன ஒப்பீடு, என்ன கணக்கு என்று வீட்டுக்கு வீடு சலித்துக்கொண்டே போனேன். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு வந்தபோது பாட்டில் அடிவரை இறங்கியிருந்தது. ஸ்கேல் வைத்தேன். பதினைந்து மில்லி. எண்பது இருந்திருக்க வேண்டும்.

ரேவதியின் கையைப் பார்த்தேன். காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"நல்லாப் பூசியிருக்கியேம்மா" என்றேன்.

"நல்லாக் கேக்குது சார். தீந்துடும் போலகீது. இன்னொண்ணு இருந்தாக் குடுங்க."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். உபரிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு புதுப் பாட்டில் கொடுத்தேன். குறிப்பு என்ற இடத்தில், "85 மி.லி. செலவு. முழு ஒத்துழைப்பு" என்று எழுதினேன். தூளி அசையாமல் இருந்தது. குழந்தை தூங்குகிறான் என்றாள். அது நல்லதாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை, 19-ஆம் தேதி, காலை எட்டரைக்கு டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். அவர் எப்போதும் நின்றுகொண்டே பார்ப்பார். பென்சில் ஒவ்வொரு வரியாக இறங்கி நாற்பத்தொன்றில் நின்றது.

"இந்தக் குழந்தைக்கு என்ன வயசு, இன்ஸ்பெக்டர்?"

"ஆறு டாக்டர்."

"ஆறு வயசுக் குழந்தைக்கு இவ்வளவு மருந்து பூச உடம்புல தோல் எங்க இருக்கு?"

அவர் பென்சிலை மேசையில் வைத்தார்.

"அந்த வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

இருக்கு, நான்கு மாதம் என்றேன். ஜீப்பை எடுக்கச் சொன்னார். நான் அலமாரியைத் திறந்து மீதி டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இருப்புப் பதிவேட்டில் எழுதவில்லை. அதுவரை ஒரு மாத்திரையைக்கூட எழுதாமல் எடுத்தவன் இல்லை.

குடியிருப்புக்குப் போகும் முன்பே, நெடுஞ்சாலை பஸ் நிறுத்தத்தில் கன்னியம்மா நின்றிருந்தாள். குழந்தை துணிக்குள் இருந்தது. வெளியே தெரிந்த ஒரு கால் சீராக உதறிக்கொண்டிருந்தது.

டாக்டர் அவளை முன்சீட்டில் ஏற்றிக் குழந்தையைத் தன் மடியில் வாங்கினார். வலிப்புக்கு வண்டியில் இருந்த ஊசியைப் போட்டார். உதறல் நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. போகிற வழியில் கேட்டார், நிதானமாக, ஒவ்வொன்றாக.

"இவனுக்கும் அந்த மருந்தைப் பூசினீங்களா?"

"பூசுனேம்மா. எரியாத மருந்துதானேன்னு."

"எத்தனை தடவை?"

"தெனம்."

"குளிப்பாட்டிட்டா?"

"ஆமாம்மா. சாருதான் நல்லா குளிக்க வச்சுப் பூசணும்னாரு. எண்ண தேச்சு, வெந்நி ஊத்தி, தொடச்சு, சூடு ஆறறதுக்கு முன்னாடியே பூசிடுவேன். ஒரு எடம் வுடல."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். பிறகுதான் எனக்கு விளக்கினார்: எண்ணெயும் சூடும் பட்ட தோல் அந்த மருந்தை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும், பச்சைக் குழந்தையின் மூளை அதைத் தாங்காது. குளிக்க வைக்கச் சொன்னவன் நான். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக் குளிக்க வைப்பது என்றால் எண்ணெய் தேய்த்து, காலை நீட்டிப் போட்டு, வெந்நீர் ஊற்றுவதுதான். அது எனக்குத் தெரியாதா? என் மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஆறு வயதுக் குழந்தையை நினைத்து நான் சொன்னதை அவள் நான்கு மாதக் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லாமல் செய்திருந்தாள். அத்தனை வீட்டிலும் சொன்னபடி செய்தவள் அவள் ஒருத்திதான் என்று சொல்ல வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. முன்னால் நான்கு லாரி, ஒரு பஸ். திரும்பவும் வழியில்லை. குழந்தையின் உதடு நீலமாக இருந்தது, நாங்கள் விரலிடுக்கில் வைக்கிற மை போல.

"எண்ணாதீங்க" என்றார் டாக்டர்.

அப்போதுதான் நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. முப்பத்தொன்பதில் நிறுத்தினேன். அந்த வண்டியில் மொத்தம் எத்தனை பெட்டி என்று எனக்குத் தெரியாது.

செங்கல்பட்டில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே எல்லோரும் ஓடியாடித்தான் பார்த்தார்கள். இரண்டு நாள் இருந்தான். புதன்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்குப் போனான். மருந்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மருந்தால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்று ஒரு டாக்டர் சொன்னார். சேர்க்கும்போது பெயர் கேட்டார்கள். சேகர் என்றாள். நான் அந்தப் பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரும்பி வந்ததும் பேனாவை எடுத்தார். அந்தப் பதிவேட்டில் அவர் பேனாவால் எழுதியது அந்த ஒரு முறைதான். அறுபத்து நான்காம் எண்ணுக்குக் கீழே அறுபத்தைந்து என்று போட்டு, சேகர், ஆண், நான்கு மாதம் என்று எழுதினார்.

"சீட்டு வேணும்னு சொன்னது நான்தான், இன்ஸ்பெக்டர். நீங்க இல்ல" என்றார்.

அது உண்மை. அது எனக்கு உதவவில்லை. சீட்டு கேட்டது அவர். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இல்லையென்றது நான். எரியாத மருந்தின் உபரிப் பாட்டிலுக்கு என் கையெழுத்துப் போதும் என்றால், களிம்புக்கும் ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கட்டம் இருக்கிற இடத்தில் எழுதுவேன், இல்லாத இடத்தில் எழுத மாட்டேன்.

அறிக்கை மேலே போனது. பட்டியலில் சேராத குழந்தையைச் சேர்த்தால் ஒப்பீடு கெட்டுவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள். தட்டச்சு செய்து வந்த பிரதியில் அறுபத்து நான்கு வரிகள்தான் இருந்தன. டாக்டர் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு தடவை கடிதம் வந்தது, இரண்டு தடவையும் மறுத்தார். மூன்று மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எந்த மருந்து நல்லது என்று போன மாதம் தொலைபேசியில் பேசிய அந்த இளம் ஆய்வாளர் கேட்டார். எங்கள் ஒப்பீட்டுக்கு முடிவு இல்லை.

ஆனால் கடைசி எண்ணிக்கையை நான் முடித்தேன். ஆகஸ்ட் 26, பதினான்காம் நாள். நாற்பத்தொன்றாம் எண்ணை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அதுவும் ஒரு பிழை என்று பட்டது.

கன்னியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ரேவதி, சாரு வந்துகீறாரு, கையக் காட்டு" என்றாள். யாரும் கேலி பேசவில்லை. மை வைத்தேன். இருபது எண்ணினேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன். வலது கை, இடது கை, மணிக்கட்டு. ஒரு கோடுகூட இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன்.

"சுத்தமாப் பூடுச்சா சார்?"

"போயிடுச்சும்மா."

"அவனுக்கும் பூடுச்சு சார். கட்சீல ஒடம்புல ஒண்ணு கூட இல்ல. நீங்க எண்ணிப் பாத்திருக்கலாம்."

குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாள். ஒரு வாரமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் பை மாறி வந்துகொண்டிருந்த டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். ரேவதிக்கு மறுபடி வந்தால் போடலாம் என்றேன்.

அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு டப்பாவைப் புரட்டிப் பார்த்தாள்.

"எங்ககிட்ட சீட்டு இல்லியே சார்" என்றாள்.

பரவாயில்லை என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குப் பதினான்கு நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் வேலை பார்த்தேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அளவு சொல்லும்போது குளிப்பாட்டுவது எப்படி என்று கேட்காமல் நகர்ந்ததில்லை. என்னோடு வேலை செய்தவர்கள் கிழவனுக்குப் பைத்தியம் என்றார்கள். அந்தக் குடியிருப்பு இப்போது இல்லை. கண்டெய்னர்கள் அடுக்கிய மதில்சுவர் இருக்கிறது. கன்னியம்மா எங்கே போனாள் என்று இரண்டு தடவை விசாரித்தேன். சரியாகத் தெரியவில்லை.

அடுத்த மார்ச்சில் இருப்புச் சரிபார்க்க வந்தார்கள். கந்தகக் களிம்பு, பதிவேட்டின்படி மீதி ஒன்று, அலமாரியில் இல்லை. விளக்கம் கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். என்னவெல்லாமோ எழுத நினைத்தேன். சேகர் என்று எழுத அதில் இடம் இருந்தது. நான்கு வரி விட்டிருந்தார்கள். "டப்பா என் கவனக் குறைவால் தவறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏப்ரல் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தை விஷயத்தில் அரசாங்கம் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு ரூபாய் எண்பத்தைந்து காசு.